அங் மோ கியோ – காலாங்: சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா?

#1 ஈரக்குடை
2019 டிசம்பர் 1, ஞாயிறு, காலை 10:12

வணக்கம். சிங்கப்பூரில் வீடு அங் மோ கியோ அவென்யூ 1, ஆபீஸ் காலாங் பேசின் பக்கம். ஜனவரியிலிருந்து எம்ஆர்டி ரயிலை விட்டுவிட்டு சைக்கிளில் போகலாமா என்று ஒரு ஆசை. வரைபடத்தில் பார்த்தால் ஆற்றங்கரையோடு ஒரே பச்சைக் கோடு. காலாங் பூங்கா இணைப்புப் பாதை, அதாவது பார்க் கனெக்டர். அந்தக் கோட்டை நம்பி நேற்று காலை ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டேன்.

முதல் பாதி சொர்க்கம். பீஷான் பூங்காவுக்குள் ஆறு வளைந்து வளைந்து போகிறது. ஒரு நீர்நாய்க் குடும்பம் வரிசையாகப் பாதையைக் கடந்தது, நாலைந்து பேர் போனை நீட்டிக்கொண்டு குனிந்து நின்றார்கள், நானும் நின்றேன். பூங்கா முடிந்ததும் ஆறு மறுபடி சிமெண்டுக் கால்வாய் ஆகிவிடுகிறது. பாதை மட்டும் விடாமல் கூடவே வருகிறது, அதனால் பரவாயில்லை.

அப்புறம் பிஐஇ விரைவுச்சாலை. ஜம்மென்று வந்த பாதை அங்கே நின்றுவிட்டது. இறங்கி, நடைமேம்பாலத்தில் சைக்கிளைத் தள்ளி ஏற்றி, மறுபக்கம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறக்கி, மூச்சு வாங்கி முடித்தால் சிராங்கூன் சாலை. அங்கே சிக்னலில் பச்சை மனிதனுக்காகக் காத்திருப்பு. பிறகு காலாங் பாரு, மறுபடி ஒரு சுற்று. வீட்டிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு 58 நிமிடம். எம்ஆர்டியில் 40தான்.

யாராவது இந்த வழியில் தினமும் போகிறீர்களா? எனக்குத் தெரியாத குறுக்குவழி ஏதாவது இருக்கிறதா?


#2 வரைபடப்பித்தன்
டிசம்பர் 1, காலை 11:40

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள்.

கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டியதுதான் இந்தத் தீவின் முதல் பார்க் கனெக்டர், 1992ல் போட்டது. அதற்காகப் புதிதாக நிலம் தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய லோங்காங், அதாவது மழைநீர்க் கால்வாய், எதை எடுத்தாலும், தூர்வாரும் வண்டி போய்வர ஓரத்தில் ஒரு பட்டை நிலத்தை ஒதுக்கி வைத்திருப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கிற அந்தப் பட்டையில் 4 மீட்டர் பாதை, 2 மீட்டருக்கு மரம். யோசனை அவ்வளவுதான், ஆனால் நல்ல யோசனை. இப்போது தீவு முழுக்க 300 கி.மீ.க்கு மேல் ஆகிவிட்டது. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் எல்லாவற்றையும் கோத்து 42 கி.மீ. வளையம் 2007ல் வந்தது. இந்த வருஷம் ஜூரோங்கிலிருந்து கோனி தீவு வரை 36 கி.மீ.

கால்வாயோரம் போவதில்தான் நன்மையும் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது. கால்வாய் அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பின்னால் போகும், அதனால் வண்டி இல்லை, புகை இல்லை. ஆனால் சாலை குறுக்கே வந்தால் தண்ணீர் பாட்டுக்குப் பாலத்தடியில் போய்விடும், நாம் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பழைய பாலங்கள் தாழ்வு, அடியில் ஆள் போக உயரம் இருக்காது. இன்னும் கீழே தோண்டினால் கால்வாய்த் தண்ணீர் எட்டிப் பார்க்கும். சரி, மேலே பாலம் போடலாம் என்றால் சரிவுக் கணக்கு உதைக்கும். விரைவுச்சாலைக்கு மேல் 6 மீட்டர் ஏற வேண்டும் என்று வையுங்கள். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் அதற்கு 120 மீட்டர் நீளம் வேண்டும், இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. அவ்வளவு வெற்றிடம் அங்கே யாரும் விட்டுவைக்கவில்லை.

2017ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் காலாங் ஆற்றுக்கு ஒரு திட்டத்தைக் காட்சிக்கு வைத்தது. ஆற்றின் நீளம் 10 கி.மீ., இரண்டு கி.மீ. தூரத்துக்குள் 800,000 பேர் குடியிருக்கிறார்கள். பிஐஇக்கு மேல் சைக்கிள் பாலம், சிராங்கூன் சாலை, காலாங் பாரு, சிம்ஸ் அவென்யூ மூன்றுக்கும் அடியில் சுரங்கவழி. பார்க்க அழகாக இருந்தது. அது வருகிற வரைக்கும் 58 நிமிடம்தான்.


#3 மூன்றுசுற்று
டிசம்பர் 1, மதியம் 2:05

ஈரக்குடை தம்பியா தங்கச்சியா தெரியவில்லை. நீங்கள் வேகமாகப் போகக் குறுக்குவழி கேட்கிறீர்கள். நான் அதே பாதையில் 14 வருஷமாக நடக்கிறவன், வயது 71. விடியற்காலை பொத்தோங் பாசிர் சிவதுர்கா கோயிலில் ஒரு கும்பிடு, அப்புறம் ஆற்றோரம்.

முன்பெல்லாம் கையை வீசி நடப்பேன். டாக்டரும் அப்படித்தான் நடக்கச் சொன்னார். இப்போது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்கிறேன். பின்னால் எது வருகிறது என்று தெரிவதில்லை. மணி அடித்தால் திடுக்கென்கிறது, அடிக்காமல் உரசிக்கொண்டு போனால் உயிரே போகிறது. மணி கேட்டு நான் இடது பக்கம் ஒதுங்கினால் வருகிறவரும் இடது பக்கம்தான் வருகிறார். பார்க் கனெக்டரில் 25 கி.மீ. வேகம் வரை போகலாம் என்று சட்டம். நான் நடப்பது மணிக்கு 4 கி.மீ. இரண்டையும் ஒரே நாலு மீட்டரில் விட்டது யார் யோசனை?


#4 சோற்றுமூட்டை
டிசம்பர் 1, மாலை 4:51

ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நான் உணவு டெலிவரி. போன மாதம் 5ஆம் தேதி வரைக்கும் நின்று ஓட்டுகிற மின்ஸ்கூட்டரில் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரே நாளில் தடை. நடைபாதை 5,500 கி.மீ., எங்களுக்கு மிச்சம் விட்டது 440 கி.மீ. சைக்கிள் பாதை. இந்த மாதம் முடியும் வரை எச்சரிக்கையோடு விடுகிறார்கள். ஜனவரி பிறந்தால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சைக்கிள் வாங்கினால் 1,000 வெள்ளி வரை உதவி உண்டு, நான் அதற்கு மனு போட்டுவிட்டேன். ஆனால் மின்சைக்கிளும் நடைபாதையில் போகக்கூடாது! அதனால் என்ன ஆகும்? பார்க் கனெக்டரில் நன்றாகப் போவேன், அது முடிகிற இடத்தில் ஒன்று பெரிய சாலையில் லாரியோடு லாரியாக இறங்கணும், இல்லை இறங்கித் தள்ளணும். கையில் இருக்கிற மீ கோரேங் நூடுல்ஸ் தள்ளுகிற வேகத்தில் ஆறிப்போகும், வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் போடுவார்.

ஈரக்குடைக்கு ஒரு பாலத்தில்தான் பாதை அறுகிறது. எனக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை அறுகிறது.


#5 மூன்றுசுற்று
டிசம்பர் 1, மாலை 5:30

தம்பி, செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் போன ஒரு பெண்மணி மின்ஸ்கூட்டர் மோதி இறந்தார். 65 வயது. அதற்கப்புறம்தான் தடை. சோறு ஆறுவதைப் பற்றி எழுதுகிறீர்கள்.


#6 சோற்றுமூட்டை
டிசம்பர் 1, மாலை 5:38

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்கே போகவில்லை. எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் ஐயா. என் வண்டியில் வேகக் கட்டுப்பாட்டை எடுத்ததே இல்லை. எடுத்தவனைப் பிடிக்காமல் எல்லார் பிழைப்பையும் பிடித்தார்கள்.


#7 நெறியாளர்
டிசம்பர் 1, மாலை 6:15

மின்ஸ்கூட்டர் தடை சரியா தப்பா என்பதற்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடுகிறது. இங்கே பாதைகளைப் பற்றி மட்டும்.


#8 தண்டவாளப்பேரன்
டிசம்பர் 2, திங்கள், இரவு 9:20

பாதை அறுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அறுபடாத பாதை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? பழைய ரயில் பாதைக்குப் போங்கள். உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கி.மீ.

என் தாத்தா மலாயா ரயில்வேயில் கேங் வேலை பார்த்தவர். தண்டவாளத்தின் கீழே ஜல்லியைக் குத்திக் கெட்டிப்படுத்துகிற வேலை. சாயங்காலம் கை நடுங்குமாம், காப்பிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடிப்பாராம். குயின்ஸ்வே பக்கம் ரயில்வே ஊழியர்கள் 1932 வாக்கில் சின்னக் கொட்டகையில் ஒரு முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். அதுதான் பின்னாளில் இடம் மாறி, இன்றைக்குக் காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. சாமியும் தண்டவாளத்து ஆள்தான்.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில். ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். நான் புக்கிட் தீமா நிலையத்தில் கூட்டத்தில் நின்றேன். ஆளாளுக்குக் கையசைத்தார்கள், என் அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூருக்கு வந்தது. அத்தனை நீள நிலம் ஒரே துண்டாகக் கிடைத்தால் என்னென்னவோ கட்டியிருக்கலாம். நடப்பவர்களும் பறவை பார்ப்பவர்களும் எழுதி எழுதிக் கேட்டு, பசுமைப் பாதையாகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ரயில் எந்தச் சாலைச் சிக்னலிலும் காத்திருக்காது. கேட் போட்டு வண்டிகளை நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் பாலம் கட்டித் தாண்டுவார்கள். புக்கிட் தீமாவில் அந்த இரண்டு இரும்புப் பாலங்களும் இன்னும் இருக்கின்றன. அதன்மேல் நடந்துபோகும்போது கீழே வண்டிகள் நகராமல் நிற்பதைப் பார்த்தால் ஒரு அல்பச் சந்தோஷம். வெள்ளைக்காரன் காலத்தில் ரயிலுக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசியை இன்றைக்கு சைக்கிளுக்குக் கொடுத்தால் ஈரக்குடைக்கு அரை மணிதான் ஆகும்.

(இப்போது சில பகுதிகளில் வேலை நடக்கிறது, போகுமுன் எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)


#9 ஏசிப்பிரியன்
டிசம்பர் 2, இரவு 10:02

எல்லாம் சரி. இந்த ஊர் வெயிலில் சைக்கிளில் ஆபீஸ் போய்ச் சேர்ந்து, பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வதற்கு யார் பொறுப்பு? டென்மார்க் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பேசாதீர்கள். எம்ஆர்டியில் ஏசி ஓடுகிறது, உட்காருங்கள்.


#10 ஈரக்குடை
டிசம்பர் 2, இரவு 10:30

உட்காரவா? அங் மோ கியோவில் காலை எட்டு மணிக்கு ஏறி உட்கார்ந்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆபீசில் குளிக்க இடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். மூன்றுசுற்று ஐயாவுக்கு: மகள் வயதுதான் எனக்கு, தங்கச்சி என்றாலும் சந்தோஷம். பொத்தோங் பாசிர் பக்கம் வரும்போது மெதுவாகத்தான் வந்தேன், ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எத்தனை பேர் கையை ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நான் கவனிக்கவே இல்லை.


#11 ஞாயிறுசவாரி
டிசம்பர் 3, செவ்வாய், இரவு 11:15

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். ஊர் மன்னார்குடி பக்கம், இங்கே ஆறு வருஷமாகக் கட்டுமான வேலை, வடக்கே ஒரு தங்குவிடுதியில் இருக்கிறேன்.

எங்கள் விடுதியில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நிறைய. நான் 40 வெள்ளிக்கு ஊருக்குப் போன ஒருத்தரிடம் வாங்கினேன். அவரும் அவருக்கு முன்னால் போனவரிடம் வாங்கியதாம். மளிகைக்கடைக்கு, பணம் அனுப்ப, சில நாள் வேலையிடத்துக்கு எல்லாம் அதில்தான். நீங்கள் வெயில், வேர்வை என்று பேசுகிறீர்கள், எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. விடுதி வாசலைத் தாண்டினால் தொழிற்பேட்டைச் சாலை. ரெடிமிக்ஸ் லாரியும் டிப்பரும்தான் ஓடும். நடைபாதை சில இடத்தில் ஒரு பக்கம் மட்டும், சில இடத்தில் அதுவும் புல்லாகிவிடும். இரவு எட்டு மணிக்கு அதில் திரும்பி வரும்போது பின்னால் வருகிற லாரியின் வெளிச்சம் முதுகில் பட்டாலே காலை ஊன்றிவிடுவேன்.

நீங்கள் சொல்கிற பார்க் கனெக்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறேன். பொங்கோல் நீர்வழி ஓரம். அவ்வளவு அழகு, வீட்டுக்கு வீடியோ போட்டேன், அம்மா "வேலைக்குப் போகாமல் எங்கேடா சுற்றுகிறாய்" என்றார்கள். ஆனால் அந்தப் பாதையைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் லாரிச் சாலையில் ஓட்ட வேண்டியிருந்தது. பூங்காவுக்கும் பூங்காவுக்கும் இணைப்பு இருக்கிறது. எங்கள் விடுதிக்கும் கடைக்கும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னேன்.


#12 வரைபடப்பித்தன்
டிசம்பர் 4, புதன், காலை 7:50

ஞாயிறுசவாரி, குறையாகவே சொல்லுங்கள். இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையதுதான்.

பார்க் கனெக்டர் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அதைப் போட்டது தேசியப் பூங்காக் கழகம், அவர்கள் வேலை பூங்கா. ஞாயிறு காலையில் குடும்பத்தோடு போகிறவருக்கு வழி வளைந்தால் என்ன, ஒரு பாலம் ஏறினால் என்ன? வேலைக்குப் போகிறவருக்குத்தான் ஒவ்வொரு சிக்னலும் கணக்கு. வீட்டிலிருந்து எம்ஆர்டி, சந்தை, பள்ளி என்று நகரங்களுக்குள் போடுகிற சைக்கிள் பாதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். கால்வாய் தண்ணீர்க் கழகத்தின் கையில். முன்பு இரண்டு பாதைகளும் ஒன்றை ஒன்று சந்திக்கிற இடத்தில் நடுவே பத்தடி புல் இருக்கும், அதில் ஜனங்கள் நடந்து நடந்து தாங்களே ஒரு ஒற்றையடிப் பாதை போட்டிருப்பார்கள். இப்போது அதெல்லாம் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை.

எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் இடம் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில். அங் மோ கியோவில் 2016ல் திறந்த 2.6 கி.மீ. பாதையைப் பாருங்கள். சைக்கிளுக்குச் சிவப்பு, நடக்கிறவருக்குத் தனி, பஸ் நிறுத்தத்தில் மெதுவாகப் போகக் குறி, எல்லாம் அருமை. ஆனால் அந்த இடம் வந்தது புல்லோரத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும். கார் ஓடுகிற தடத்தில் ஒரு சாண் குறையவில்லை. அதனால்தான் ஐயாவும் டெலிவரித் தம்பியும் ஒரே நாலு மீட்டருக்காக முட்டிக்கொள்கிறார்கள், பக்கத்தில் ஆறு தடத்தில் வண்டிகள் நிம்மதியாகப் போகின்றன.

மாற்றிச் செய்ய முடியாது என்றில்லை. பென்கூலன் ஸ்திரீட் 2017ல் திறந்தபோது நான்கு தடத்தில் இரண்டை எடுத்து நடக்கவும் சைக்கிளுக்கும் கொடுத்தார்கள். கடைகள் மூடிப்போகவில்லை, ஊர் நின்றுபோகவில்லை. அங்கே மத்தியானம் ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். அதுபோல இன்னும் பத்துத் தெரு வந்திருக்க வேண்டும்.


#13 ஏசிப்பிரியன்
டிசம்பர் 4, காலை 8:15

பென்கூலன் பக்கம் எனக்கு வாரம் இரண்டு நாள் வேலை. வண்டியில் போனால் சுற்ற வேண்டியிருக்கிறது, அது உண்மை. நடந்து போனால் நன்றாக இருக்கிறது, அதுவும் உண்மை. ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.


#14 ஈரக்குடை
டிசம்பர் 5, வியாழன், இரவு 8:40

இன்றைக்கு நிஜமாகவே வேலைக்கு ஓட்டினேன். 46 நிமிடம். எப்படிக் குறைந்தது என்று விவரமாக எழுதுகிறேன், இதே வழிக்காரர்களுக்கு உதவும்.

பூங்காவுக்குள் காலை ஏழு மணிக்கு முன் நுழைந்துவிட்டால் கூட்டம் கம்மி. ஏழேகாலுக்கு நாய்களும் தை சீ உடற்பயிற்சிக் குழுவும் வந்துவிடும், பிறகு தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. பிஐஇ மேம்பாலத்தில் ஒரு பாடம் கற்றேன்: சைக்கிளுக்கு வலது பக்கம் நின்று தள்ளினால் பெடல் முழங்காலில் இடிக்கிறது. சங்கிலி இல்லாத பக்கம், அதாவது இடது பக்கம் நின்று தள்ளணும். பையை முதுகிலிருந்து எடுத்துப் பின் கேரியரில் கட்டினால் ஏறும்போது பின்னால் இழுக்காது. சிராங்கூன் சாலையில் வந்தவுடன் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கணும், குடித்துவிட்டு அழுத்தினால் ஒரு சுற்று போய்விடும்.

திரும்பும்போது மழை. டிசம்பர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பூங்காவில் எச்சரிக்கை விளக்கு எரிந்து சங்கு ஊதிவிட்டது, கீழ்க்கரையில் இருந்தவர்கள் எல்லாரும் மேலே ஓடினோம். பத்து நிமிடம்தான் இருக்கும். காலையில் நீர்நாய் படுத்திருந்த கல் தெரியவில்லை, பழுப்புத் தண்ணீர் புல் வரை ஏறிவிட்டது. 2.7 கி.மீ. நேர்க் கால்வாயை 2012ல் 3.2 கி.மீ. வளைவு ஆறாக மாற்றியது இதற்குத்தான் என்று அங்கே நின்றபோது புரிந்தது. வெள்ளம் வந்தால் பூங்காவே ஆறாகிவிடுகிறது. வரைபடப்பித்தன் சுரங்கவழி கஷ்டம் என்று எழுதியதும் அப்போதுதான் உறைத்தது. இந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில், இதைவிடத் தாழ்வாக ஒரு வழி தோண்டணும்!


#15 மூன்றுசுற்று
டிசம்பர் 6, வெள்ளி, காலை 9:10

இன்றைக்கு நடையை மூன்று சுற்றோடு நிறுத்தாமல் பிஐஇ மேம்பாலம் தாண்டி சிராங்கூன் சாலை வரைக்கும் போனேன். பல வருஷமாக நான் அந்தப் பாலத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடுவேன். ஏன் என்று கேட்டால் முழங்கால் என்று சொல்வேன். உண்மையில் பாதை அங்கே முடிந்துவிட்டது என்றே மனசில் பதிந்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் என் பழைய சிநேகிதர் இருக்கிறார், கொலாம் ஆயரில். ஆற்றோரமாகப் போனால் நடக்கிற தூரம். நாங்கள் சந்திப்பது தைப்பூசத்துக்கும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும்தான்.

பாலத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு டெலிவரிப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெரிய பை. நின்று எனக்கு வழி விட்டான். நானும் நின்று அவனுக்கு வழி விட்டேன். யார் முதலில் போவது என்று கொஞ்ச நேரம் ஆயிற்று. சோற்றுமூட்டை தம்பி, அது நீங்கள் இல்லையே?

சாலையைக் கடக்க என் மூத்தோர் அட்டையைக் கம்பத்தில் தட்டினேன், பச்சை மனிதன் கொஞ்சம் கூடுதலாக நின்றான். 2009லேயே வந்த வசதி, நான் மற்ற இடங்களில் தட்டுவேன். பாதி சாலைக்கு வரும்போதே கார்கள் உறும ஆரம்பித்துவிடும் பயம் இல்லை. உடன் நின்ற சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் "நன்றி அங்கிள்" என்றார்கள். என்னோடு சேர்ந்து அவர்களுக்கும் நேரம் கிடைத்ததே.


#16 சோற்றுமூட்டை
டிசம்பர் 6, மதியம் 3:25

நான் இல்லை ஐயா, நான் செங்காங் பக்கம். ஆனால் அவன் யாராக இருந்தாலும் அன்றைக்கு ஒரு நட்சத்திரம் வாங்கியிருப்பான். ;)

போன ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன், மனசில் வைக்காதீர்கள்.


#17 மூன்றுசுற்று
டிசம்பர் 6, மாலை 6:00

நானும்தான் எழுதினேன்.


#18 தண்டவாளப்பேரன்
டிசம்பர் 6, இரவு 9:45

பேசிக்கொண்டே இருப்பதற்கு ஞாயிறு காலை எல்லாரும் ஒரு தடவை போய் வரலாமே? பீஷான் பூங்காவிலிருந்து காலாங் வரை. ஏசிப்பிரியனும் வரணும், கட்டாயம்.


#19 ஏசிப்பிரியன்
டிசம்பர் 6, இரவு 10:10

என்னிடம் சைக்கிள் இல்லை. வாடகைச் சைக்கிளை எடுத்தால் எங்கே விடுவது? முன்பு லோங்காங்குக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனார்கள்.


#20 வரைபடப்பித்தன்
டிசம்பர் 6, இரவு 10:22

அது அந்தக் காலம். இந்த ஜனவரியிலிருந்து மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, அங்கே ஒட்டியிருக்கிற கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் கணக்கு முடியும். செய்யாவிட்டால் 5 வெள்ளி பிடித்தம். சாக்கு தீர்ந்ததா?


#21 ஞாயிறுசவாரி
டிசம்பர் 6, இரவு 11:30

நான் வரலாமா? இந்த ஞாயிறு ஓவர்டைம் இல்லை. எம்ஆர்டியில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள், மடக்கு சைக்கிள்தான் முடியும். அதனால் நான் அதிகாலையிலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். எந்த வழியாக வந்தால் லாரிச் சாலை குறைவாக இருக்கும்?


#22 வரைபடப்பித்தன்
டிசம்பர் 7, சனி, காலை 6:40

விடுதி எந்த இடம் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள், வழி போட்டுத் தருகிறேன். முழுவதும் பார்க் கனெக்டராக இருக்காது, ஆனால் ஞாயிறு விடிகாலையில் லாரி குறைவு. பின்விளக்கு இருக்கிறதா?


#23 ஞாயிறுசவாரி
டிசம்பர் 7, காலை 6:55

முன்விளக்கு இருக்கிறது அண்ணன். பின்விளக்கு போன வாரம் கழன்று விழுந்துவிட்டது, வயர் வைத்துக் கட்டிவிடுகிறேன்.


#24 ஈரக்குடை
டிசம்பர் 7, காலை 8:05

கட்ட வேண்டாம், என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது, கொண்டுவருகிறேன். வரும்போது மட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள். காலை 6:45, பூங்காவில் அங் மோ கியோ அவென்யூ 1 பக்க வாசல். மூன்றுசுற்று ஐயா, நீங்களும் வாருங்கள், நாங்கள் உங்கள் வேகத்துக்கே தள்ளிக்கொண்டு வருகிறோம்.


#25 மூன்றுசுற்று
டிசம்பர் 7, காலை 8:30

வேண்டாம், நீங்கள் ஓட்டிக்கொண்டே வாருங்கள். நான் ஏழரைக்கு பிஐஇ பாலத்தடியில் நிற்கிறேன். தள்ளி ஏற்றும்போது பின்னாலிருந்து ஒரு கை பிடிக்க ஆள் வேண்டாமா? கொலாம் ஆயர் சிநேகிதரை அந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன், இறக்கும்போது அவர் பிடிப்பார். காப்பி அவர் செலவு.